தறி நிற்கும் நேரம்

சத்திரப்பட்டியில் ஒரு கைக்குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் கரண்ட் போக வேண்டும். ராஜபாளையத்தை அடுத்த இந்த ஊரிலும் பக்கத்துச் சமுசிகாபுரத்திலும் நெய்கிற பேண்டேஜ் துணியும் காஸ் துணியும் எங்கெங்கோ உள்ள ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போகின்றன. தெருவுக்குள் கால் வைத்தாலே விசைத்தறியின் அதிர்வு உள்ளங்காலில் ஏறும். பல வீடுகளில் முன்கட்டில் தறி, பின்கட்டில் குடும்பம். அங்கே குழந்தைக்குப் பின்னால் உட்கார்ந்து கிலுகிலுப்பையை ஆட்டினால் ஆட்டுகிற எனக்கே கேட்காது. 2008-க்குப் பிறகு வந்த மின்வெட்டு வருஷங்களில் ஊரே வாய்விட்டுத் திட்டிக்கொண்டிருந்தது. நானோ எந்தத் தெருவில் எத்தனை மணிக்குக் கரண்ட் போகும் என்று ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன்.

தறிவீட்டில் காது கேளாத பிள்ளை வெகுநாள் மறைந்திருக்கும். அங்கே எல்லோருமே கையாலும் கண்ணாலும்தான் பேசிக்கொள்வார்கள். நூல் அறுந்தால் ஒரு விரல், சாப்பிட வரச் சொல்ல வாய்க்கு நேரே குவித்த கை, ஏவாரி வந்தால் வாசல் பக்கம் ஒரு தலையசைப்பு. வருஷக்கணக்காகத் தறி ஓட்டிய பெரியவர்களுக்கே பாதிக் காது போயிருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் ஒன்றரை வயதுப் பிள்ளை சைகைக்கு ஓடிவரும், சைகையிலேயே தண்ணீர் கேட்கும். சூட்டிகையான பிள்ளை என்று பெயரும் வாங்கும்.

ஒரு மத்தியானம் கரண்ட் போனதும் அப்படியொரு பெண்குழந்தையின் பின்னால் போய் உட்கார்ந்தேன். இதற்கும் ஒரு பக்குவம் உண்டு. தரையைத் தட்டக் கூடாது, அதிர்வுக்குத் திரும்பிவிடும். நம் நிழல் முன்னால் விழக் கூடாது. அம்மாவின் முகம் குழந்தைக்குத் தெரியக் கூடாது, ஏனென்றால் அம்மாவின் கண் நம்மைப் பார்க்கும், குழந்தை அந்தக் கண்ணைப் பார்த்துத் திரும்பும். டம்ளரும் கரண்டியும் தட்டினேன். கிலுகிலுப்பை, சாவிக்கொத்து, கடைசியாகப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டும் பார்த்தேன். பிள்ளை கையிலிருந்த நூல்கண்டைப் பிரித்துக்கொண்டே இருந்தது. சுவரோரம் நின்ற ஆச்சி, "தீபாவளிக்கு அத்தனை வேட்டு வெடிச்சும் உறக்கம் கலையலை. எங்க வீட்டுலயே இவதான் நல்ல உறக்கக்காரி" என்றார். சிவகாசி கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊர். இங்கே தீபாவளி ராத்திரி ஒரு குழந்தை அசையாமல் தூங்கியது என்றால் அதற்கு மேல் என்ன பரிசோதனை வேண்டும்?

நான் கிளம்பும்போது அந்தப் பெண், குழந்தையின் அம்மா, தெருமுனை வரைக்கும் வந்தாள். அதுவரை வாயே திறக்காதவள். "யக்கா, எனக்கு நாலாம் மாசத்துலயே தெரியும்" என்றாள்.

தெரிந்து அவள் சும்மா இருந்துவிடவில்லை. புருஷனிடம் சொல்லியிருக்கிறாள். "ஏன் புள்ளையக் கொறை சொல்லுத?" என்றிருக்கிறான். அவன் இவளுக்குச் சொந்தத் தாய்மாமன். மாமியாராகிவிட்ட பாட்டியிடம் சொன்னதற்கு, "இவ அப்பனே நாலு வயசுலதான் பேசினான்" என்று பதில். ஒரு டாக்டரிடம் போயிருக்கிறாள். அவர் குழந்தையின் முகத்துக்கு நேராகக் கை தட்டினார், குழந்தை கையைப் பார்த்தது, கேட்கிறது போ என்று அனுப்பிவிட்டார். இப்படி ஒவ்வொருவரும் அவளுக்குத் தைரியம் சொல்லிச் சொல்லியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. வீட்டுக்கு வீடு இதே கதையைக் கேட்டவள் நான். நான் போய்க் கண்டுபிடித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஒரு குழந்தைகூடக் கிடையாது. எனக்கு முன்னால் வீட்டிலேயே ஒருத்தி கண்டுபிடித்திருப்பாள். அவள் சொன்னதைக் காதில் வாங்கத்தான் ஆள் இருந்திருக்காது. முன்கூட்டிக் கண்டறிதல் என்று அரசாங்கமும் நாங்களும் போட்ட திட்டங்களுக்கெல்லாம் அடியில் இருந்த வேலை, அந்த ஒருத்தி வாய் திறந்ததற்கும் பிள்ளைமேல் பயிற்சி தெரிந்த ஒரு கை படுவதற்கும் நடுவில் போகிற மாதங்களைக் குறைப்பதுதான்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. 1996-ல் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராகச் சேர்ந்தேன். தினமும் ராஜபாளையத்துக்கு அரைமணி நேர பஸ், அங்கிருந்து தளவாய்புரம், சேத்தூர், முகவூர் என்று டவுன் பஸ். நான் சேர்ந்த அந்த வருஷம் பிப்ரவரியில்தான் 1995-ம் வருஷத்து ஊனமுற்றோர் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. ஆண்டுக்கு ஒரு முறையாவது எல்லாக் குழந்தைகளையும் பரிசோதித்து, ஆபத்து வாய்ப்புள்ளவர்களை அடையாளம் காண வேண்டும் என்று அதன் 25-வது பிரிவு சொன்னது. பயிற்சியில் அந்த வரியைப் படித்துக் காட்டியபோது அடுத்த வருஷமே நடந்துவிடும் என்று நம்பினோம். 2016-ல் புதுச் சட்டம் வந்தது. அதே வரி அதே 25-வது பிரிவில் மறுபடி வந்து உட்கார்ந்திருந்தது. நிறைவேறிய வாக்குறுதியை யாரும் திரும்ப எழுதுவதில்லை.

பிள்ளைகளை மாதாமாதம் கண்காணிப்பது எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. விருதுநகர் தனி மாவட்டமானது 1985-ல். அதற்கு முன்பு ராமநாதபுரம் மாவட்டமாக இருந்த காலத்திலேயே, உலக வங்கிக் கடனில் 1980-ல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இங்கே வந்துவிட்டது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதம் ஒருமுறை எடை போட்டார்கள், எடை ஏறாத பிள்ளைக்குச் சத்துருண்டை கொடுத்தார்கள். மெச்சத்தக்க ஏற்பாடுதான். ஆனால் தராசில் தொங்கிய பிள்ளையின் கால்கள் விறைத்து ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தாலும் அட்டையில் ஏறியது கிலோ மட்டும்தான். நான் களத்துக்கு வந்த காலத்தில் ஊனம் என்றால் ஊருக்குத் தெரிந்தது போலியோ கால். முகாம் போட்டால் வருகிறவர்கள் பெரும்பாலும் கேலிப்பர் கேட்டுத்தான் வருவார்கள். 1995-ல் தொடங்கிய போலியோ சொட்டு மருந்து முகாம்களோடு, 15 வயதுக்குள் யாருக்காவது திடீரென்று கைகால் துவண்டால் உடனே தகவல் கொடுத்து மலப் பரிசோதனைக்கு அனுப்புகிற கண்காணிப்பும் சேர்ந்துகொண்டது. ஒரு பிள்ளைகூட விட்டுப்போகாமல் விரலில் மை வைத்த அந்த ஒழுங்கைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருக்கும். தமிழ்நாட்டில் கடைசிப் போலியோ 2004-ல். 2014-ல் இந்தியாவே விடுபட்டதாக அறிவித்தார்கள். போலியோ விலக விலகத்தான், அது இருக்கும்போதே இருந்த மற்றப் பிள்ளைகள் கண்ணில் பட்டார்கள். மூளை முடக்குவாதம், காது கேளாமை, மனவளர்ச்சிக் குறைவு. இவர்களுக்குச் சொட்டு மருந்து எதுவும் கிடையாது என்பதால் வாகனமும் வரவில்லை.

எங்கள் கையில் அப்போது கொடுத்த ஆயுதம் ஒரே ஒரு தாள். திருவனந்தபுரத்தில் டாக்டர் எம்.கே.சி. நாயரும் அவருடைய குழுவும் 1991-ல் வெளியிட்ட வளர்ச்சிப் பரிசோதனை அட்டவணை. பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரை, பதினேழே செயல்கள். சிரிப்பது, பேனாவைக் கண்ணால் தொடர்வது, தலை நிற்பது, குப்புற விழுவது, ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பொருளை மாற்றுவது, தானாக எழுந்து உட்காருவது என்று மேலிருந்து கீழே போகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு, பிள்ளைகள் அதைச் செய்யத் தொடங்கும் மாதத்தில் ஆரம்பித்து அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் செய்துவிடும் மாதத்தில் முடியும். குழந்தையின் வயதுக்கு நேராக ஸ்கேலை நெட்டுக்குத்தாக வைக்க வேண்டும். ஸ்கேலுக்கு இடப்பக்கம் முடிந்துபோன கோட்டில் எதையாவது பிள்ளை செய்யவில்லை என்றால் அதைப் பின்தொடர வேண்டும். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு எத்தனை வாரம் முன்னால் பிறந்ததோ அதைக் கழித்துவிட்டு ஸ்கேல் வைக்க வேண்டும். இதை மறந்தால் நல்ல பிள்ளையின் தாயை அழவைத்துவிடுவோம். எஸ்.எஸ்.எல்.சி. படித்த யாரும் ஐந்து நிமிஷத்தில் செய்துவிடலாம். இதற்குப் பிறகு எத்தனையோ படிவங்கள் வந்தன, பக்கம் பக்கமாக. அந்தத் தாளை அடித்துக்கொள்ள ஒன்றும் வரவில்லை என்பது என் கட்சி.

அந்தப் பதினேழில் ஒன்று, கை கொட்டுவது. அதைப் பார்த்ததும் பயிற்சி வகுப்பிலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியாழ்வார் பிறந்த ஊரில் வளர்ந்தவளுக்கு இது சப்பாணி அல்லவா! அவருடைய திருமொழியில் தாலாட்டு, அம்புலி, செங்கீரை, சப்பாணி, தளர்நடை என்று கண்ணனின் பிள்ளைப்பருவம் பதிகம் பதிகமாக வரும். பின்னால் வந்த பிள்ளைத்தமிழ்க்காரர்கள் செங்கீரைக்கு ஐந்தாம் மாதம், சப்பாணிக்கு ஒன்பதாம் மாதம் என்று கணக்கே வைத்தார்கள். கைகளை ஊன்றித் தலைநிமிர்த்தி ஆடும் பிள்ளைக்குக் கழுத்தும் தோளும் உறுதியாகிவிட்டன என்று பொருள். இரண்டு கையையும் நடுவில் கொண்டுவந்து கொட்டும் பிள்ளை, தான் பார்த்ததைத் திருப்பிச் செய்யத் தொடங்கிவிட்டது. ஆழ்வார் பக்தியில் பாடினார், நான் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். ஆனால் இரண்டுக்கும் வேண்டியது ஒன்றுதான்: வேறு வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அப்படிப் பார்க்கிறவர்கள் தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள், பிள்ளை குளிப்பாட்டுகிற பாட்டிகள். இவர்களை எந்தத் திட்டமும் கண்டுகொண்டதில்லை. காலை நீட்டி உட்கார்ந்து, கணுக்காலுக்கு மேல் குழந்தையைக் குப்புறப் போட்டு, வெந்நீரை மொண்டு ஊற்றி உருவிவிடுகிற கை. ராஜபாளையத்தில் ராஜுக்கள் தெருவில் ஒரு அவ்வா இருந்தார். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார். நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் உடம்பு அவர் தொடையில் புரண்டிருக்கிறது. நான் ஒரு வீட்டுக்குள் போகுமுன் திண்ணையிலேயே சொல்லிவிடுவார்: "போய்ப் பாரும்மா, அந்தப் பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கையில தொடை விரியமாட்டேங்குது." இன்னொரு வீட்டைக் காட்டி, "இது அதுக்கு மாறு. தூக்கினா கைக்குள்ள நிக்காம வழுக்குது" என்பார். பிசியோதெரபிஸ்டுகள் தசை இறுக்கம், தசைத் தளர்ச்சி என்று எழுதுவதை அவர் பிள்ளையின் இரண்டாம் மாதத்திலேயே விரல்நுனியில் வைத்திருந்தார். அவரிடம் எனக்குச் சண்டையும் உண்டு. காதில் எண்ணெய் விடாதீர்கள், மூக்கில் ஊதாதீர்கள் என்று தலைபாடாக அடித்துக்கொள்வேன். "ஒங்க அம்மா ஒனக்கு ஊதாமலா விட்டா?" என்பார். ஊதியிருப்பாள்தான், அதற்கு நான் என்ன பதில் சொல்ல?

வத்திராயிருப்புப் பக்கம் ஒரு ஆண்பிள்ளை. பிறந்த மூன்றாம் நாள் மஞ்சள் காமாலை ஏறியிருக்கிறது. வெயிலில் காட்டினால் போகும் என்று காலை வெயிலில் காட்டியிருக்கிறார்கள். லேசான மஞ்சள் பெரும்பாலும் தானே இறங்கும். அளவு மீறினால் நீல விளக்கின் அடியில் வைக்க வேண்டும், அதுவும் மணிக்கணக்குப் பார்த்து. இல்லாவிட்டால் அது மூளைக்குள் போய்த் தங்கிவிடும். இந்தப் பிள்ளை பால் குடிப்பதை நிறுத்தி, உடம்பை வில்லாய் வளைத்தபிறகுதான் பஸ் ஏறினார்கள். பிழைத்துக்கொண்டான். ஐந்தாம் மாதம் நான் பார்த்தபோது, இரண்டு கையையும் பிடித்து மெல்லத் தூக்கினால் உடம்பு வந்தது, தலை வரவில்லை. கட்டைவிரல் உள்ளங்கைக்குள்ளேயே மடங்கிக் கிடந்தது. அவன் அம்மா எங்கள் முகாம் நோட்டீஸைப் பார்த்து வந்தவள் இல்லை. தன் தங்கைப் பிள்ளை இவனைவிடச் சின்னது, அது குப்புற விழுந்துவிட்டது என்று கணக்குப் பார்த்து வந்தவள். அப்போதே ஆரம்பித்ததால் அவனுக்குக் கால் பின்னிக்கொள்ளாமல் காப்பாற்ற முடிந்தது. நடக்க வைக்க முடிந்ததா என்றால், வாக்கர் பிடித்து நடந்தான், ஆறு வயதில். பேச்சு கடைசிவரை குழறல்தான். கேட்கப் பழகியவர்களுக்குப் புரியும்.

பிள்ளைகளை மொத்தமாகப் பார்க்க எனக்கு நல்ல நாள் புதன்கிழமை. துணை சுகாதார நிலையங்களில் தடுப்பூசி நாள். நர்ஸம்மா ஊசி போடுவதற்கு முன்னால் நான் பார்த்துவிட வேண்டும், போட்டபிறகு எந்தப் பிள்ளை சிரிக்கும்? தறிவீட்டுப் பிள்ளைகள் பலர் அங்கே ஸ்கேலுக்கு இடப்பக்கம் விழுவார்கள். ஆனால் அவர்கள் எல்லோருக்கும் குறை இருந்ததாக அர்த்தமில்லை. பெல்ட்டும் மோட்டாரும் ஓடுகிற வீட்டில் பிள்ளையைத் தரையில் விட முடியாது. நாள் முழுக்கச் சேலைத் தொட்டிலில் கிடக்கும். தொட்டிலில் கிடக்கிற பிள்ளை எங்கே குப்புற விழும்? அதனால் முதல் தடவை எதையும் எழுத மாட்டேன். காலையும் மாலையும் பாயில் குப்புறப் போடுங்கள், முன்னால் ஒரு சிவப்புச் சாமான் வையுங்கள் என்று சொல்லிவிட்டு, ரெண்டு வாரம் கழித்து மறுபடி போவேன். பாதிப் பிள்ளைகள் அதற்குள் எட்டிப் பிடித்திருக்கும். எட்டிப் பிடிக்காத பிள்ளையின் பெயர்தான் நோட்டில் ஏறும். ஒரே நாளில் முகாம் போட்டு அத்தனை பேருக்கும் முத்திரை குத்துகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாததற்குக் காரணம் இதுதான். குழந்தை நகர்ந்துகொண்டே இருக்கிற ஆள், ஒருநாள் பார்த்ததை வைத்து என்ன சொல்லிவிட முடியும்?

கண் விஷயம் மட்டும் இதற்கு விலக்கு. அங்கே காத்திருக்கவே கூடாது. கருவிழிக்குள் வெள்ளை தெரிந்தால் அன்றைக்கே மதுரை அரவிந்துக்கு பஸ். பிறவிக் கண்புரையை முதல் சில வாரங்களில் எடுக்காவிட்டால், பிறகு எடுத்தாலும் மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்வதில்லை. அரவிந்தில் டாக்டர் பி. விஜயலட்சுமி போன்றவர்கள் இப்படி வரும் பிள்ளைகளில் ஒரு பகுதிக்குக் காரணம் தாய்க்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் வந்த ரூபெல்லா காய்ச்சல் என்று தொடர்ந்து எழுதினார்கள். நாங்களும் தாய்மார்களிடம் கேட்போம்: மாசமாக இருந்தபோது காய்ச்சலோடு மேலெல்லாம் சிவப்பாகப் பொரிந்ததா? "அம்மை லேசா போட்டுச்சு, வேப்பிலை கட்டினோம்" என்பார்கள். அப்படியென்றால் கண்ணோடு காதையும் இதயத்தையும் பார்த்தாக வேண்டும். 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா ஊசி முதல் கட்டமாகத் தமிழ்நாட்டிலும் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியைக் கேட்டுப் பள்ளிக்கூடங்களில் பெற்றோர் மறித்தார்கள். இந்தப் பிள்ளைகளை நேரில் பார்த்தவர்கள் அப்படி மறித்திருக்க மாட்டார்கள்.

2013-ல் ஆர்.பி.எஸ்.கே. என்கிற தேசியக் குழந்தைகள் சுகாதாரத் திட்டம் வந்தது. பிறவிக் குறை, நோய், சத்துக் குறைவு, வளர்ச்சித் தாமதம் என்று நான்கு தலைப்பில் முப்பது நிலைகள். பால்வாடிக்கு வருஷம் இரண்டு தடவை, பள்ளிக்கூடத்துக்கு ஒரு தடவை வண்டியில் குழு வரும். நாங்கள் இத்தனை வருஷமாகப் பையைத் தூக்கிக்கொண்டு செய்ததை அரசாங்கமே வண்டி வைத்துச் செய்கிறது என்று மனசார மகிழ்ந்தேன். இதயத்தில் ஓட்டை, உதட்டுப் பிளவு, வளைபாதம் இவற்றில் அது செய்தது பெரிய காரியம். முன்னெல்லாம் பள்ளிக்கூட வயதில் வந்து நிற்கிற வளைபாதப் பிள்ளைகள் இப்போது கைக்குழந்தையிலேயே மாவுக்கட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் ஒரு காலைப் பொழுதுக்குள் பால்வாடிப் பிள்ளைகள் அத்தனை பேரையும் பார்த்து முடிக்கிற வேகத்தில், வாயைத் திற, கண்ணைக் காட்டு என்று சொன்னால் தெரிகிற குறைதான் தெரியும். மூலையில் உட்கார்ந்து சொப்புகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருக்கிற பையன் தெரியமாட்டான். டீச்சரைக் கேட்டால், "இவன் ஒரு தொந்தரவும் இல்லாத பிள்ளை" என்பார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவிலேயே அப்படி ஒரு பையன் இருந்தான். தேர் முட்டிக்குப் பக்கத்தில் வீடு. இரண்டு வயது முடிந்தும் எதையும் விரல் நீட்டிக் காட்டமாட்டான். வேண்டிய சாமானிடம் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான். அவனைப் பார்த்தபிறகுதான் பெரியாழ்வாரின் அம்புலிப் பதிகம் எனக்கு வேறுவிதமாகப் புரிந்தது. அதில் பிள்ளை நிலாவைச் சுட்டிக்காட்டுகிறான், அதை அம்மாவும் பார்க்க வேண்டும் என்று. தனக்கு நிலா வேண்டும் என்பது பாதிதான். நான் பார்ப்பதை நீயும் பார் என்கிற அந்த மீதிதான் ஒன்றரை வயதுக்குள் வரவேண்டியது. ஆட்டிசத்துக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் கேள்வித் தாள்களில் முக்கியமாகக் கேட்பதும் அதையே. நான் சேர்ந்த காலத்துச் சட்டத்தில் ஏழு வகை ஊனம்தான், ஆட்டிசம் அதில் கிடையாது. 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில்தான் அந்தப் பெயர் ஏறியது. 2016 சட்டத்தின் 21 வகைகளில்தான் முழு இடம் கிடைத்தது. அதற்கு முன்பு அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு அட்டை வாங்கப் போனால் மனவளர்ச்சி குன்றியவர் என்று எழுதிக் கொடுப்பார்கள். அந்தப் பையன் நாலு வயதில் நாள்காட்டியைப் பார்த்து எந்தத் தேதி என்ன கிழமை என்று சொல்வான்.

அட்டை என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. அடையாள அட்டை கைக்கு வந்த அன்றோடு ஊரும் ஆபீஸும் வேலை முடிந்ததாக நினைத்துக்கொள்ளும். உண்மையில் அதற்குப் பிறகுதான் ஆள் வேண்டும். ஸ்பிளின்ட் மூன்று மாதத்தில் சின்னதாகிவிடும், காதுக் கருவிக்கு அச்சு மாற்ற வேண்டும், வலிப்பு மாத்திரையின் அளவு எடை ஏற ஏற மாறும். இதை நான் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டது தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியில், அமர் சேவா சங்கத்தில். எஸ். ராமகிருஷ்ணன் கல்லூரி மாணவராக இருந்தபோது, 1975-ல், கடற்படை அதிகாரித் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1981-ல் அந்தக் கிராமத்திலேயே சங்கத்தைத் தொடங்கினார். 2020-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தசைச்சிதைவு உள்ள கணக்காளர் எஸ். சங்கரராமன் 1992-ல் வந்து சேர்ந்துகொண்டார். பிள்ளையை மையத்துக்கு வா என்று அழைப்பதைவிட, பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்களை வீட்டுக்கு அனுப்பி, அம்மாவுக்கே கைப்பழக்கம் சொல்லித் தருவது அவர்கள் வழி. இப்போது 'எனேபிளிங் இன்க்ளூஷன்' என்று ஒரு செயலியும் வைத்திருக்கிறார்கள். போன தடவை வைத்த இலக்கு என்ன, இன்றைக்கு எதுவரை வந்திருக்கிறது என்று களப்பணியாளரின் கைபேசியிலேயே கேட்கும். பதில் போடாமல் நகர முடியாது. என் கட்டு போட்ட நோட்டும் அதைத்தான் செய்தது, ஆனால் நான் லீவு போட்டால் நோட்டும் லீவு போட்டுவிடும். செயலிக்கு அந்தக் கோளாறு இல்லை.

சத்திரப்பட்டிப் பெண்குழந்தைக்கு மதுரையில் பெரா என்கிற காது டெஸ்ட் எடுத்தோம். இரண்டு காதும் கேட்கவில்லை. அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள் காக்ளியர் கருவி வைக்கலாம் என்பதால் மூன்று வயதுக்குச் சற்று முன்னால் வைத்தார்கள். கருவி போட்டால் மறுநாள் பேசிவிடும் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். சத்தம் என்பது என்ன என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றபோது, அந்த வீட்டில் கற்றுக்கொடுக்கக் கிடைத்த சத்தம் தறிச் சத்தம் ஒன்றுதான். கடைசியில் ஆச்சிதான் வழி சொன்னார். பிள்ளையைத் தறி இல்லாத தெருவில் இருந்த தன் தங்கை வீட்டுக்குக் காலையில் தூக்கிக்கொண்டு போய் சாயங்காலம் வரை அங்கேயே இருந்தார். உறக்கக்காரி என்று மெச்சியவர்தான், பிறகு குக்கர் விசிலையும் குயிலையும் காட்டிக் காட்டிக் கேட்கவைத்தார்.

இன்றைக்கும் இடிக்கிற இடம் தூரம். மாவட்டத்துக்கு ஒரு இடையீட்டுச் சேவை மையம், எங்களுக்கு அது விருதுநகர். ராஜபாளையத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். சத்திரப்பட்டியில் ஒருத்தி வாரத்தில் ஒருநாள் போய்வந்தால் அந்த நாள் தறிக்கூலி போயிற்று, துணைக்குப் புருஷன் போனால் இரண்டு கூலி. ஒரு தெருவில் மூன்று தாய்மார்கள் இதற்குத் தாங்களாகவே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒரு வாரம் ஒருத்தி, தன் பிள்ளையோடு இன்னொருத்தி பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போவாள். மற்ற இருவரும் அவள் தறியையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார்கள். அங்கே சொல்லிக்கொடுத்த பயிற்சியைப் போனவள் வந்து மற்றவளுக்குக் கற்றுத்தருவாள். எந்த அதிகாரியும் சொல்லித் தந்ததில்லை. மாதக்கணக்கில் நன்றாகவே ஓடியது. பிறகு அதில் ஒரு குடும்பம் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போய்விட்டது.

கொஞ்ச நாள் கழித்து, திருப்பூர் போன அந்தத் தாய் போன் செய்தாள். அங்கே ஆஸ்பத்திரியில் பிள்ளைக்குப் பழைய ரிக்கார்டு கேட்கிறார்களாம். ஸ்பிளின்ட் அளவு, வலிப்பு மாத்திரை, எந்த மாதம் உட்கார்ந்தான் என்கிற விவரம் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் சத்திரப்பட்டி வீட்டுப் பரண்மேல் இருந்தது. "ஊரை விட்டுக் கிளம்புற அவசரத்துல பிள்ளை ஃபைலை மறந்துட்டேன்க்கா" என்றாள். அவள் மாமியாருக்குப் பரண் ஏற முடியாது. பக்கத்துவீட்டுப் பையனை ஏறவைத்து எடுத்து, ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் திருப்பூர் வண்டி டிரைவரிடம் கொடுத்தனுப்பினேன். உறைக்கு மேலே அவள் போன் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன். வண்டி வந்து சேரும் நேரத்தை அவளிடம் சொன்னதற்கு, ஷிப்ட் முடியாது, அவரை அனுப்புகிறேன் என்றாள்.